மலையகத் தமிழர், மலேசியத் தோட்டத் தமிழர்: யார் நிலை மேல், ஏன்?

கேட்கப்பட்ட கேள்வி இது: தமிழ்நாட்டின் ஒரே மாவட்டங்களிலிருந்து, அதே கங்காணி முறையில் (ஊரில் ஆள் சேர்த்து, தோட்டத்தில் மேற்பார்க்கும் தரகர்தான் கங்காணி), இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்கும் (இவர்கள் வழிவந்தவர்களே மலையகத் தமிழர்) மலாயா ரப்பர் தோட்டங்களுக்கும் ஆட்கள் போனார்கள். அவர்களின் வாரிசுகளில் இன்று யார் நன்றாக இருக்கிறார்கள்? வேறுபாடு உண்டென்றால் அதற்கு என்ன காரணம்?

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். வருமானம், வீடு, உடல்நலம் என்று எதை எடுத்தாலும் மலேசியத் தமிழர் நிலைதான் மேல். ஆனால் "மலேசியா வசதியான நாடு, அதனால்தான்" என்று அதோடு நிறுத்திக்கொள்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இரண்டு விஷயங்களைக் கேட்க வேண்டும். குடியுரிமை எந்த ஆண்டில் கைக்கு வந்தது? அவர்கள் குடியிருந்த மண் யார் பெயரில் இருந்தது? முதல் கேள்விக்கு இரண்டு சமூகங்களும் தரும் பதில் முற்றிலும் வேறு. இரண்டாவது கேள்விக்கு இரண்டு இடத்திலும் ஒரே பதில்தான். இன்றைய நிலையில் உள்ள வேற்றுமையும் ஒற்றுமையும் பெரும்பாலும் இதிலிருந்தே வருகின்றன.

ஒரு சொல்லைப் பற்றி முன்கூட்டியே சொல்ல வேண்டும். இவர்களைக் குடியேறிகள் என்று எழுதும்போதெல்லாம் எனக்கு உறுத்துகிறது. மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தே போனார்கள். பாட்டனுக்குப் பாட்டன் அந்த மண்ணிலேயே புதைந்து கிடக்கிறான். ஆனாலும் அந்தச் சொல்லை முழுக்கத் தவிர்க்க முடியாது. "வந்தவர்கள்தானே" என்று அரசுகள் பார்த்த பார்வைதான் இவர்கள் வாழ்க்கையில் பாதியைத் தீர்மானித்தது.

இலங்கைக்குப் போனவர்கள் முதலில் போனது தேயிலைக்காக அல்ல, காப்பிக்காக. 1820களில் தொடங்கியது. மன்னார்ப் பக்கம் தோணியில் இறங்கி, அங்கிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடை. காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கில். காப்பிக்கு ஆள் தேவைப்படுவது பழம் பறிக்கும் பருவத்தில்தான். அதனால் அப்போது பலர் வந்து வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பினார்கள். 1869 முதல் காப்பி இலையில் பரவிய துரு நோய் அந்தப் பயிரையே அழித்தது. அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலையில் வருடம் முழுக்கக் கொழுந்து வரும், வாரத்துக்கு ஒருமுறையாவது அதே மலைக்குத் திரும்பி வந்து எடுக்க வேண்டும், அந்த வேலைக்குப் பெண்கள் வேண்டும். அப்படித்தான் குடும்பம் குடும்பமாக லயங்களில் (வரிசையாகக் கட்டிய சிறு தொழிலாளர் குடியிருப்புகளில்) நிலைத்தார்கள்.

மலாயாவுக்கு நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார்கள். கரும்பு, காப்பி என்று தொடங்கினாலும் 1900க்குப் பிறகு எல்லாம் ரப்பர்தான். வெகுகாலம் அங்கே ஆண்கள்தான் அதிகம். சில ஆண்டு பால்மரம் வெட்டி (ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பால் எடுத்து)ச் சம்பாதித்துக்கொண்டு திரும்புவார்கள், மறுபடி போவார்கள். விலை விழுந்தால் தோட்டத்துக்காரர்களே ஊருக்கு அனுப்பி விடுவார்கள். தொழிலாளர்களை உதவி கொடுத்து அழைத்துப் போவதை 1938இல் இந்திய அரசு தடுத்த பிறகுதான் இந்தப் போக்குவரத்து நின்றது. ஜப்பான் பிடித்திருந்த காலத்தில் சயாம் மரண ரயில் பாதைக்கு (தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குப் போட்ட பாதை) இழுத்துச் செல்லப்பட்டுச் செத்தவர்கள் வேறு.

அதாவது 1940களில் இரண்டு சமூகங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஆழமாக வேரூன்றியிருந்தது இலங்கையில் இருந்தவர்கள்தான். அவர்களில் பெரும்பாலோர் அங்கேயே பிறந்தவர்கள். வாக்குரிமையும் முதலில் அவர்களுக்குத்தான் கிடைத்தது. 1931இலேயே இலங்கையில் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்கு வந்துவிட்டது. தோட்டத் தமிழர்களுக்கு அதில் கட்டுப்பாடுகள் இருந்தன. இருந்தாலும் 1947 தேர்தலில் அவர்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. சுற்றியுள்ள வேறு பல தொகுதிகளில் தோட்ட வாக்கு இடதுசாரிகளுக்குப் போனது.

அந்த வெற்றிதான் வினையானது. சுதந்திரம் கிடைத்த அதே 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பனோ, பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்தார்கள் என்று காட்ட வேண்டும். லயத்தில் பிறந்தவனுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஏது? 1949இல் இன்னொரு சட்டம் வழி விட்டதுபோல் தெரிந்தாலும், தொடர்ந்து குடியிருந்ததற்கும் வருமானத்துக்கும் அது கேட்ட ஆவணங்களைக் கொடுக்க முடிந்தவர்கள் சிறுபகுதிதான். அதே ஆண்டு தேர்தல் சட்டத்தை மாற்றி, குடியுரிமை இல்லாதவர் பெயரை வாக்காளர் பட்டியலிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். 7 பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய சமூகம் அடுத்த தேர்தலில் ஒருவரைக்கூட அனுப்ப முடியவில்லை.

பிறகு இரண்டு அரசுகளும் இவர்களைப் பங்கு பிரித்தன. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று முடிவு. அந்த மீதியை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். சம்பந்தப்பட்ட மக்களிடம் யாரும் கேட்கவில்லை. ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, தம்பிக்கு இலங்கைப் பதிவு என்று ஆனது. தலைமன்னார் கப்பல்துறையில் அழுத அழுகை இன்றும் மலையகத்தில் கதையாகப் பேசப்படுகிறது. அப்படி வந்தவர்கள் நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் மறுபடியும் தேயிலையிலேயே போய் நின்றார்கள். அங்கே அவர்களுக்குச் "சிலோன்காரர்" என்று பெயர். இலங்கையில் இந்தியர், இந்தியாவில் சிலோன்காரர்.

இலங்கையில் மிஞ்சியவர்களுக்கு 1988இலும் கடைசியாக 2003இலும் வந்த சட்டங்கள்தான் முழுக் குடியுரிமையைக் கொடுத்தன. 1948இல் பிறந்த ஒரு குழந்தைக்கு 2003இல் வயது 55. உழைக்கிற ஆயுள் முழுவதையும் நாடற்றவராகவே கழித்தவர்கள் இருந்திருக்கிறார்கள் என்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

வாக்கு இல்லாவிட்டால் என்ன குறைந்துபோகும் என்று சிலர் கேட்பார்கள். இலங்கை சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் உலகமே பாராட்டிய சில காரியங்களைச் செய்தது. இலவசக் கல்வி, இலவச மருத்துவம், நிலமற்றவர்களுக்கு நிலம். அயல்கிராமம் வரை வந்த அந்தச் சேவைகள் தோட்டத்து எல்லையில் நின்றுவிட்டன. லயத்துப் பிள்ளை படித்தது தோட்டம் நடத்திய ஓராசிரியர் பள்ளியில். அரசு அந்தப் பள்ளிகளை ஏற்றுக்கொள்ளத் தொடங்கியதே 1970களில்தான். பிரதேச சபை (உள்ளூராட்சி மன்றம்) தோட்டத்துக்குள் ஒரு பாதை போட்டுத் தருவதற்குக்கூடச் சட்டத்தில் தடை இருந்தது. அந்தப் பிரிவைத் திருத்தியது 2018இல். வாக்கே இல்லாத இடத்துக்கு எந்த அரசியல்வாதி பாதை போடுவான்? பாதை இல்லாததால் டாக்டர் வரவில்லை, விஞ்ஞானப் பாடத்துக்கு ஆசிரியர் வரவில்லை. இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிய குறைதான் இன்று புள்ளிவிவரத்தில் தெரிகிறது.

இதில் 1970களை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் மலையகத்தின் மிக மோசமான பத்து ஆண்டுகள் அவை. 1972இலும் 1975இலும் நிலச்சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசுடைமையாயின. நல்ல காரியம்தானே என்று தோன்றும். ஆனால் சில இடங்களில் எடுத்த நிலத்தைப் பக்கத்துச் சிங்களக் கிராமத்தாருக்குப் பகிர்ந்தார்கள். அதில் நூறு ஆண்டு உழைத்தவர்களை லயத்தைவிட்டு விரட்டினார்கள். 1973, 74இல் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. கிராமத்தானுக்கு ஒரு துண்டு மரவள்ளித் தோட்டமாவது இருந்தது, இவர்களுக்கு அதுவும் இல்லை. 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் நிலப் பறிப்பை எதிர்த்து நின்றவர்கள்மீது போலீஸ் சுட்டதில் சிவனு லெட்சுமணன் இறந்தார். மலையகம் அந்தப் பெயரை மறக்கவில்லை. அப்புறம் 1977, 1981, 1983 என்று வரிசையாக வன்முறை. தப்பி ஓடியவர்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறி, அங்கே போரிலும் மாட்டிக்கொண்டார்கள்.

மலாயாவுக்கு வருவோம். 1957இல் சுதந்திரம் வந்தபோது அங்கே நடந்தது வேறு பேரம். மலாய்க்காரர்களுக்குத் தனிநிலை உண்டு என்பதை மற்றவர்கள் ஏற்பது, பதிலுக்குச் சீனருக்கும் இந்தியருக்கும் குடியுரிமை. சுதந்திர நாளுக்குப் பிறகு அந்த மண்ணில் பிறக்கும் பிள்ளை குடிமகன். முன்பே அங்கிருந்தவர்களும் விண்ணப்பித்துப் பெறலாம். இந்தியர்களின் கட்சியான ம.இ.கா. (மலாயா இந்தியர் காங்கிரஸ்) ஆளும் கூட்டணியிலேயே இருந்தது. இந்தப் பேரம் நியாயமானதா என்று பல மணி நேரம் பேசலாம். ஆனால் மலையகத்தோடு ஒப்பிட்டால் அந்த ஒரு கையெழுத்தின் மதிப்பு புரியும். கொழும்பில் இருந்த அரசு தோட்ட வாக்கைப் பார்த்துப் பயந்தது. கோலாலம்பூரில் இருந்த அரசுக்கு அந்த வாக்கு தேவைப்பட்டது.

அங்கேயும் எல்லாருக்கும் கிடைத்துவிடவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பலர் விண்ணப்பிக்கவே இல்லை. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது, ஏறக்குறைய 60,000 பேர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். குடிமகன் அல்லாத நிரந்தரவாசிக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளும் முதியவர்கள் இன்றும் உண்டு. பிறப்புப் பத்திரம் சரியாகப் பதியாததால் பள்ளியில் சேர முடியாமல் நிற்கும் பிள்ளைகளும் உண்டு. ஆனால் இது ஒரு பகுதியினரின் கதை. சமூகத்தின் பெரும்பகுதி ஒரே தலைமுறையில் நீல அட்டைக்காரர்களாக, அதாவது குடிமக்களாக, ஆகிவிட்டது.

அதன் பலன் 1970களில் தெரிந்தது. 1970இல் தீபகற்ப மலேசியாவில் இந்தியக் குடும்பங்களில் 39 சதவீதம் வறுமைக் கோட்டுக்குக் கீழ். மலாய்க்காரர்களில் அது 65 சதவீதம், சீனர்களில் 26. பினாங்கிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் தொழிற்சாலைகள் திறந்தபோது தோட்டத்துப் பெண்பிள்ளைகள் தொழிற்சாலை பஸ் ஏறினார்கள். அரசு இடைநிலைப் பள்ளியும் அரசு மருத்துவமனையும் அவர்களுக்கும் திறந்திருந்தன. 20 ஆண்டுகளில் அரசாங்கக் கணக்கில் இந்தியர் வறுமை ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டது. மலையகத்தில் அதே 20 ஆண்டுகளில் நடந்ததை மேலே சொன்னேன்.

சரி, இன்றைய எண்களுக்கு வருவோம்.

இலங்கையில் 2019 குடும்ப வருமானக் கணக்கெடுப்பில் நாடு முழுவதற்கும் வறுமை 14.3 சதவீதம். தோட்டப் பகுதியில் 33.8 சதவீதம். 2016 சுகாதாரக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17 சதவீதம், தோட்டங்களில் 32 சதவீதம் அளவில். இவை 2022 பொருளாதார நெருக்கடிக்கு முந்தைய எண்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். மலேசியாவில் 2019இல் இந்தியக் குடும்பங்களின் இடைநிலை மாத வருமானம் 5,981 வெள்ளி (ரிங்கிட்). நாட்டு இடைநிலை 5,873. சீனர் 7,391, பூமிபுத்ரா (மலாய்க்காரரும் பிற பூர்வகுடிகளும்) 5,420.

"வசதியான நாடு" என்ற வாதத்துக்கு நான் சொல்லும் பதில் இந்த எண்களில்தான் இருக்கிறது. நாட்டின் செல்வம் மட்டுமே காரணம் என்றால், இரண்டு சமூகங்களும் அவரவர் நாட்டுக்குள் ஏறக்குறைய அதே படியில் நிற்க வேண்டும். அப்படி இல்லையே. இலங்கையில் தோட்ட வறுமை நாட்டு அளவைப் போல இரண்டு மடங்குக்கு மேல். மலேசியாவில் இந்தியர் நாட்டு இடைநிலையை ஒட்டி, ஒரு மயிரிழை மேலேயே இருக்கிறார்கள். நாடு பணக்காரனானது எல்லாரையும் தூக்கியது உண்மை. ஆனால் நாட்டுக்குள் எந்தப் படியில் நிற்பது என்பதைத் தீர்மானித்தது வேறொன்று.

இங்கே நேர்மையாக ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். மலேசியக் கணக்கில் "இந்தியர்" என்றால் தோட்டத் தமிழர் மட்டும் இல்லை. கிராணி (எழுத்தர்) வேலைக்கும் ரயில்வேக்கும் போன யாழ்ப்பாணத் தமிழர், செட்டியார், மலையாளி, பஞ்சாபி எல்லாரும் அதில் அடக்கம். டாக்டரும் வக்கீலும் நிறைந்த அந்தக் குடும்பங்கள் சராசரியை மேலே இழுக்கின்றன. மலேசியப் பத்திரிகைகளில் தமிழ் வக்கீல் பெயர்களைப் பார்த்துவிட்டுப் "பால்மரம் வெட்டியவர் பேரன்" என்று நாமாகவே முடிவு செய்கிறோம். சில சமயம் அது உண்மை, பல சமயம் இல்லை. இலங்கைக் கணக்கில் குறை எதிர்ப்பக்கமாக இருக்கிறது. "தோட்டப் பகுதி" என்பது தோட்டத்தில் தங்கியவர்களை மட்டும் எண்ணுகிறது. கொழும்பில் கடை வைத்தவர், ஆசிரியராகி ஹட்டன் டவுனில் வீடு கட்டியவர், வளைகுடா போய் வந்தவர் அதில் வரமாட்டார்கள். ஆகவே உண்மையான இடைவெளி இந்த எண்கள் காட்டுவதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். ஆனாலும் பெரிய இடைவெளிதான்.

கூலியை வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். தேயிலைத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது 2021இல். 2024இல் அது 1,350. மாதம் 25 நாள் முழுப்பேர் (முழு நாள் கூலி) விழுந்தால் 33,750 ரூபாய். ஆனால் முழுப்பேர் விழ வேண்டுமே. சொன்ன கிலோ கொழுந்து நிறுவையில் இல்லாவிட்டால் அரைப்பேர்தான். மழை நாளிலும் கொழுந்து குறைந்த மாதத்திலும் 25 நாள் வேலையே கிடைக்காது. மலேசியாவில் 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. இலங்கை ரூபாயில் மாற்றினால் மூன்று மடங்குக்கு மேல். அதைவிட முக்கியம், மலேசியத் தமிழர்களில் பெரும்பாலோர் இன்று தோட்டக் கூலியை நம்பியே இல்லை. அந்த வேலைகளை இந்தோனேசியரும் வங்கதேசத்தவரும் செய்கிறார்கள். மலையகப் பெண் இன்றும் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறுகிறாள்.

இனி நிலத்துக்கு வருகிறேன். இரண்டு சமூகங்களின் துயரமும் ஒரே முகத்தைக் காட்டுவது இங்கேதான்.

இரண்டு நாட்டிலும் தோட்டத் தொழிலாளிக்கு வேலையும் வீடும் ஒன்றாகவே வந்தன. வேலை போனால் வீடும் போகும். தோட்டம் இருந்தவரை மலேசியத் தமிழனுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. லயத்து வீடு, பின்னால் கொஞ்சம் கீரைப் பாத்தி, இரண்டு மாடு, ஆயாக் கொட்டகை, கோயில், தமிழ்ப்பள்ளி எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன. 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது முதல் அடி விழுந்தது. தோட்டத் துண்டாடல் என்று அதற்குப் பெயர். இலங்கைத் தோட்டங்களில் "துண்டு" என்றால் கங்காணியிடம் பட்ட கடனை எழுதிய சீட்டு. அதை அடைக்காமல் வேறு தோட்டம் போக முடியாது, 1921இல்தான் ஒழித்தார்கள். ஒரே சொல் இரண்டு நாட்டிலும் இவர்கள் கழுத்தை இறுக்கியிருக்கிறது.

துண்டாடலுக்கு எதிராகச் செய்த ஒரே உருப்படியான காரியம் ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் என்பது என் கருத்து. தொழிலாளர்கள் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய பங்குப் பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். தோட்டம் தோட்டமாக நடந்து போய் அவர் பங்கு சேர்த்ததைப் பழையவர்கள் இன்றும் நன்றியோடு சொல்வார்கள். கூலிக்குப் போனவர்கள் கூட்டாக முதலாளியான அந்த வழி இன்னும் பத்து மடங்கு பரவியிருந்தால் இந்தப் பதிலை நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். மலையகத்தில் அதற்கு இணையாக எதுவும் நடக்கவில்லை. குடியுரிமை இல்லாதவன் நிலம் வாங்குவதை எங்கே போய் நினைப்பான்?

1980, 90களில் மலேசியாவில் பெரிய அடி விழுந்தது. ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை (பாமாயில் தரும் பனை) வைத்தார்கள். செம்பனைக்கு ஆள் கம்மி. நகரத்துக்குப் பக்கத்தில் இருந்த தோட்டங்களை வீட்டு மனையாக்கினார்கள். இன்று நிர்வாகத் தலைநகரமான புத்ராஜெயா எழுந்து நிற்பது பிராங் பெசார் தோட்டத்தில். அங்கிருந்த குடும்பங்களை டிங்கில் பக்கம் அடுக்குமாடிக்கு மாற்றினார்கள். இப்படி நாடு முழுவதும் தோட்டத்தைவிட்டு வெளியேறியவர்கள் 3 லட்சம் அளவில் என்று பொதுவாகச் சொல்வார்கள். கையில் நிலமில்லை, கைத்தொழில் இல்லை, இழப்பீடு சொற்பம். புறம்போக்கில் குடிசை, அப்புறம் மலிவு விலை அடுக்குமாடி. மாடு வளர்த்தவன் பத்தாவது மாடிக்குப் போய் என்ன செய்வான்? தகப்பனும் தாயும் இரண்டு ஷிப்டில் வெளியே, பிள்ளை தெருவில். மலேசிய இந்திய இளைஞர்களில் குண்டர் கும்பல் பழக்கமும் சிறையும் அவர்கள் மக்கள்தொகைப் பங்குக்கு மீறி இருப்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இடப்பெயர்ச்சியைச் சொல்லாமல் பேசுவது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

அவர்களுக்கு உதவித் திட்டமும் இல்லை. 1971இன் புதிய பொருளாதாரக் கொள்கை வறுமையை இனம் பார்க்காமல் ஒழிப்பதாகச் சொன்னாலும், நடைமுறையில் பலன் பூமிபுத்ராவுக்குத்தான் போனது. நிலமற்றவர்களுக்கு நிலம் கொடுத்த பெல்டா குடியேற்றத் திட்டங்களில் தமிழர் அரிது. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்பின் இடங்களில் 90 சதவீதம் பூமிபுத்ராவுக்கு என்று ஒதுக்கீடு. நிறுவனப் பங்குடைமையில் இந்தியர் கை 1970இல் 1 சதவீதம் அளவில் இருந்தது. பிறகும் 1.5 சதவீதத்தைச் சுற்றியே நின்றது. 2007 நவம்பர் 25 அன்று இந்து உரிமை இயக்கமான ஹிண்ட்ராப் அழைப்பில் கோலாலம்பூர்த் தெருவுக்கு வந்த பல்லாயிரம் பேர், சராசரி வருமான எண்ணுக்குள் மறைந்து கிடந்தவர்கள்.

மலையகத்தில் கதை தலைகீழ். அங்கே தோட்டம் மூடப்படவில்லை, அதனால் வெளியேற்றமும் அந்த அளவில் நடக்கவில்லை. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பெனிகளிடம் போனாலும் லயம் அப்படியே இருக்கிறது. வெள்ளைக்காரன் கட்டிய அதே பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவில் நான்காவது தலைமுறை குடியிருக்கிறது. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் போடாவிட்டால் வீடு கேள்விக்குறி. மகள் படித்து டீச்சரானாலும், அம்மா மலைக்குப் போய்க்கொண்டிருப்பதற்கு இதுதான் காரணம். தபால்கூட வீட்டு முகவரிக்கு வராது, தோட்ட ஆபீசுக்குத்தான். ஏழு பேர்ச் (160 பேர்ச் ஒரு ஏக்கர்) காணியும் தனி வீடும் என்று பல ஆண்டாகச் சொல்கிறார்கள். இந்திய உதவியில் முதலில் 4,000 வீடு, பிறகு 2017இல் நோர்வூட்டில் அறிவித்த இன்னொரு 10,000. லயங்களின் எண்ணிக்கையோடு பார்த்தால் இது போதவே போதாது.

உடல்நலத்தில் இரண்டு சமூகங்களும் இரண்டு கோடியில் நிற்கின்றன. மலையகத்தில் பிள்ளைகள் வளர்ச்சி குன்றுகிறார்கள். மலேசியாவில் 2019 சுகாதாரக் கணக்கெடுப்பில் வயது வந்த இந்தியர்களில் 31 சதவீதம் பேருக்கு நீரிழிவு. மலாய்க்காரரில் 22, சீனரில் 15. ஒரு பக்கம் சாப்பாடு போதவில்லை, மறுபக்கம் உட்கார்ந்த வேலைக்கு மாறிய உடம்புக்குச் சாப்பாடு மாறவில்லை. மலேசியத் தமிழர் நன்றாக இருக்கிறார்கள் என்று சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மலையகம் மேலே நிற்கும் ஒரு விஷயமும் இருக்கிறது, அது மொழி. நுவரெலியா மாவட்டத்துப் பிள்ளை முதல் வகுப்பிலிருந்து பல்கலைக்கழக நுழைவு வரை தமிழிலேயே படிக்கலாம். 1987 முதல் தமிழ் அங்கே அரசகரும மொழியும்கூட. நடைமுறையில் போலீஸ் நிலையத்தில் தமிழ் தெரிந்தவரைத் தேட வேண்டியிருக்கும், இருந்தாலும் சட்டத்தில் உரிமை இருக்கிறது. மலேசியாவில் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. பிறகு எல்லாப் பாடமும் மலாய். 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன, இன்று 530 அளவில். மூடிய பள்ளிகளில் பல தோட்டத்தோடு சேர்ந்து போனவை. இருக்கிற பள்ளிகளிலும் பல, நிலம் இன்னும் தோட்டக் கம்பெனி பெயரிலேயே இருப்பதால் முழு அரசுப் பள்ளியாகக் கணக்கில் வராமல் பகுதி உதவியில் ஓடுகின்றன. பள்ளிக்கூடத்துக்கும் பட்டா இல்லை.

தலைமை பற்றிச் சுருக்கமாக. மலையகத்தில் தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான், மலேசியாவில் ம.இ.கா. தலைவர் சாமிவேலு. இருவரும் பல பத்தாண்டு அமைச்சரவையில் இருந்தார்கள். இருவர் மேலும் வைக்கப்படும் குற்றச்சாட்டு ஏறக்குறைய ஒன்றே: உள்ளே இருந்துகொண்டு கேட்க வேண்டியதைவிடக் குறைவாகக் கேட்டார்கள் என்பது. தொண்டமான் விஷயத்தில் நான் கொஞ்சம் மென்மையாகவே பார்ப்பேன். கையில் வாக்கே இல்லாத மக்களுக்காக வேலைநிறுத்தத்தை மட்டும் ஆயுதமாக வைத்துக்கொண்டு குடியுரிமையை மீட்டது சிறிய காரியம் இல்லை. சாமிவேலு கையில் இருந்தது உயிருள்ள வாக்கு. தோட்டம் மூடும்போது ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு துண்டு நிலம் என்பதை நிபந்தனையாக வைக்க அந்த வாக்கு போதுமானதாக இருந்தது.

கேட்டவருக்கு ஒரு யோசனை. இந்த ஒப்பீட்டை மேலும் தொடர விரும்பினால் சராசரி வருமானத்தை விட்டுவிட்டு, வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று குடும்பம் குடும்பமாகக் கேட்டுப் பாருங்கள். ஹட்டன் பக்கத்தில் லயத்திலும் கிள்ளானில் அடுக்குமாடியிலும் எங்கள் சொந்தக்காரர்கள் வீடுகளில் தங்கியிருக்கிறேன். வசதியில் இரண்டு வீட்டுக்கும் ஒப்பிடவே முடியாது. கிள்ளான் வீட்டில் குளிர்சாதனம், இரண்டு மோட்டார் சைக்கிள், காலேஜ் போகும் பெண். ஹட்டனில் வெளியே பீலிக்கரையில் (தண்ணீர் விழும் பொதுக் குழாயடியில்) போய்த்தான் குளிக்க வேண்டும். ஆனால் கிள்ளான் வீட்டுப் பெரியவர் வங்கிக் கடன் முடிந்து பத்திரம் கைக்கு வந்ததை எடுத்துக் காட்டினார். "எங்கள் அப்பா, தாத்தா யார் பேரிலும் ஒரு அடி மண் கிடையாது, நான்தான் முதல் ஆள்" என்றார். ஹட்டன் வீட்டில் அப்படிக் காட்டுவதற்கு இன்னும் எதுவும் இல்லை. ஏழு பேர்ச்சுக்குப் பெயர் கொடுத்து வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.